ஐரோப்பாவுக்குச் சாம்பிள் பார்த்தோம்

போன ஞாயிற்றுக்கிழமை ஐரோப்பாவுக்கு ஒத்திகை போய் வந்தோம்.

ஜீப்பில். பக்கத்து மலைமேல் இருக்கிற போடிமெட்டுக்கு.

சிரிக்காதீர்கள். ஐந்து பேர், ஒரு பெரிய தூக்குவாளி நிறையப் புளிச்சோறு, தண்ணீர் கேன், கம்பு நுனியில் கட்டிய சிவப்புத் துண்டு — இவ்வளவுதான் எங்கள் ஐரோப்பியச் சுற்றுலாக் குழு. துண்டு எதற்கு, ஒத்திகை எதற்கு, முதலில் ஐரோப்பாதான் எதற்கு? சொல்கிறேன்.

என் மனைவி ஈஸ்வரிக்கு அவள் அப்பா கடைசிக் காலத்தில் வாங்கி விட்டுப்போன சின்னத் தோட்டம் ஒன்று மலைமேல் கேரளப் பக்கம் இருக்கிறது. ஏலக்காய்த் தோட்டம். இந்த வருஷம் காய்க்கு நல்ல விலை. நல்ல விலை கிடைத்தால் போடிநாயக்கனூரில் ஒன்று நகைக்கடைக்குப் போவார்கள். இல்லையென்றால் வீட்டுக்கு மேல் இன்னொரு மாடி எழுப்புவார்கள். ஈஸ்வரி இரண்டும் வேண்டாம் என்றாள்.

“பனிமல பாக்கணுங்க.”

நான் திரும்பி டிவியைப் பார்த்தேன். ஏதாவது பாட்டுக் காட்சி ஓடுகிறதோ என்று. டிவி அணைந்து கிடந்தது. ஆக, சொந்த யோசனைதான்.

“மலையா? மொட்டை மாடிக்குப் போனா மலைதானே தெரியுது?”

“அது மலையில்ல. சோலி.”

சோலி என்றால் வேலை. அவள் அப்படிச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஈஸ்வரி எஸ்டேட்டில் கூலியாட்கள் குடியிருக்கும் லைன் வீட்டில் பிறந்தவள். பாவாடை கட்டிய வயதிலிருந்து காய் எடுத்தவள். ஏலக்காயை நீங்கள் பாயசத்தில் பார்த்திருப்பீர்கள். செடியில் பார்த்திருக்க மாட்டீர்கள். செடி ஆளுயரத்துக்கு மேல் வளரும். காயோ உச்சியில் காய்க்காது. தூரில், தரையோடு தரையாகக் காய்க்கும். எடுக்கிறவர்கள் நாள் முழுக்கக் குனிந்தும் குத்தவைத்தும்தான் எடுக்க வேண்டும். தலைக்கு மேலே எந்தச் சிகரம் நின்றால் என்ன, எந்த மேகம் போனால் என்ன?

“பொறந்ததுல இருந்து மலையிலதேன் கெடந்தேன். செடித் தூரத் தவிர என்னத்தப் பாத்தேன்? ஒரு நாளைக்காச்சும் நாக்காலியில ஒக்காந்து, சும்மா, ஒரு மலையப் பாக்கணும். யாராச்சும் டீ கொண்டாந்து கையில குடுக்கணும். அம்புட்டுத்தேன்.”

“சரி, அதுக்கு எதுக்குப் பனி? இங்கேயே கொடைக்கானல் இருக்கே?”

“பனியிலதேன ஒண்ணும் மொளைக்காது? மொளைச்சிருந்தா என் கண்ணு களையத்தேன் பாக்கும்.”

பயணக் கட்டுரைகள் நானும் எத்தனையோ படித்திருக்கிறேன். ஒரு மனுஷர்கூட இவ்வளவு தெளிவாகக் காரணம் சொன்னதில்லை.

எனக்கும் ஓர் ஆசை ஒளிந்திருந்தது. எங்கள் ஏலக்காய்க் கடைக்கு ஒரு சாக்கு வியாபாரி கொடுத்த காலண்டர் — வருஷம் முடிந்து எத்தனையோ வருஷம் ஆகியும் கழற்றாமல் வைத்திருக்கிறேன். கல் பாவிய தெரு, கூம்புக் கூம்பாகக் கோபுரங்கள், நடுவில் ஒரு மணிக்கூண்டு. எந்த ஊர் என்று அதில் போடவில்லை. பிறகு யாரோ சொல்லித்தான் அது பிராக் என்று தெரிந்தது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எங்கள் பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கிய படத்தில் மதுரை மாவட்டத்தோடு உலகம் முடிந்துவிட்டது.

ஆக, திட்டம் ரெடி. ஒரு மலை, ஒரு பழைய ஊர், இரண்டு ஆட்கள்.

கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்கும்... நான் அண்ணனிடம் சொல்லிக்கொள்ளப் போகாமல் இருந்திருந்தால்.

மதுரையைத் தாண்டி எங்கே போனாலும் மூத்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டுதான் போக வேண்டும். எங்கள் குடும்பத்து நடைமுறை அப்படி. அண்ணன் பக்கத்துக் கிராமமான சிலமலையில் விவசாயம் பார்க்கிறார். விஷயத்தைச் சொன்னேன். வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஐரோப்பாவுக்கா? நீயா? பஸ்சு எங்கன நிக்கிதுன்னு கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு, மதுரையில ஆரப்பாளையத்துல இருந்து மாட்டுத்தாவணிக்கு நடந்தே போனவன்தானடா நீ?”

உண்மைதான். மறுக்க முடியாது.

“ஒன்ன நம்பி அந்தப் பிள்ளைய எப்பிடி அனுப்புறது? நானும் ஒம் மதினியும் வர்றோம்.”

எங்கள் ஊர் ஜீப்பைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். காலையில் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறுகிற ஜீப்புகள். அவை நிறையாமல் கிளம்பா. உள்ளே ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தால் டிரைவருக்கு நெஞ்சு வலிக்கும். எங்கள் குடும்பங்களும் அதே கம்பெனி வண்டிகள்தான்.

அண்ணன் ஏறியது தெரிந்ததும் அடுத்த ஆள் ஏறினான். பாண்டி. ஈஸ்வரியின் தம்பி, என் மச்சினன். நான் இப்போது சொன்ன ஜீப்புகளில் ஒன்றை ஓட்டுகிறவன்.

“மச்சான், பிளேன்ல பின்னாடி எடம் இருக்குல்ல?”

ஆள் ஏற ஏற நாடும் ஏறியது.

அண்ணனுக்கு மலை வேண்டாம். “மலைதேன் வீட்டுக்குப் பின்னாலயே நிக்கிதே? ராசா இருந்த ஊரு நாலு பாக்கணும்டா. கோட்ட, அரமன, பீரங்கி.” அதற்காக ஆஸ்திரியாவும் ஹங்கேரியும். மதினிக்குத் தண்ணீருக்குள் கட்டிய ஊரில் படகில் போக வேண்டும். அதற்காக இத்தாலி. பாண்டிக்கு ரோடு. “அங்கயும் நம்ம போடிமெட்டு மாதிரியே கொண்டை ஊசி வளைவாம் மச்சான். அத ஒரு தடவ கண்ணால பாத்துப்புட்டா நிம்மதியாச் சாவேன்.” மதுரையில் டூர் ஆபீஸ் ஒன்றைப் பிடித்தோம். அங்கே ஒரு பெண், தேன் போலக் குரல்.

“மலை, பழைய சிட்டி, ரெண்டையும் சேர்த்து எல்லாத்தையும் கவர் பண்ணிடலாம் சார்!”

கவர் பண்ணினார்கள். ஒன்பது நாளில் ஆறு நாடு. போனில் வந்த திட்டத்தை ஈஸ்வரிக்குப் படித்துக் காட்டினேன். காலைப் பலகாரம் ஒரு நாட்டில், மதியச் சோறு இன்னொரு நாட்டில், தூக்கம் பஸ்ஸில். மூன்றாம் நாள் ஒரு அரண்மனை — வெளியிலிருந்து மட்டும். நான்காம் நாள் இரண்டு அரண்மனை — ஓடுகிற பஸ்ஸிலிருந்து மட்டும்.

ஈஸ்வரி கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

“இதுல நான் எங்கன ஒக்கார்றது?”

தேடிப் பார்த்தேன். பனிமலையில் முக்கால் மணி நேரம் போட்டிருந்தார்கள். போட்டோவும் டாய்லெட்டும் அதற்குள் அடக்கம்.

“இது காய் எடுப்புல்ல? நெறைய எடுத்தவளுக்கு நல்ல பேரு. வெரட்டி வேல வாங்குற கங்காணி மட்டுந்தேன் இல்ல.”

“அவரும் இருக்கார். கைடுன்னு பேரு. கையில கொடி வச்சிருப்பாராம். கொடிக்குப் பின்னாலேயே போகணுமாம்.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“நம்ம ரெண்டு பேரு மட்டும் போறோம்னு ஒங்க அண்ணங்கிட்ட நீங்க சொல்றீகளா, நாஞ் சொல்லவா?”

அவள் சொல்லக் கூடாது. சொன்னால், வந்தவள் அண்ணன் தம்பியைப் பிரித்தாள் என்று நாளைக்கே சிலமலை முழுக்கப் பேச்சாகிவிடும். நான்தான் சொல்ல வேண்டும். “நானே சொல்றேன்” என்றேன்.

சிலமலைக்குப் போனேன். அண்ணன் கத்தரித் தோட்டத்தில் நின்றிருந்தார். ரொம்ப நேரம் கத்தரிக்காயைப் பற்றியே பேசினோம். ஒரு பை கத்தரிக்காயோடு திரும்பி வந்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடி போனேன். இந்தத் தடவை கண்டிப்பாகச் சொல்லிவிடுவது என்று பஸ்ஸிலேயே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். முருங்கைக்காயோடு வந்தேன்.

ஈஸ்வரி பையை வாங்கி உள்ளே பார்த்தாள்.

“மறுக்கா ஒரு தடவ போயிட்டு வாங்க. வீட்டுல தேங்கா தீந்துருச்சு.”

இதற்கிடையில் டூர் ஆபீஸ் பெண், திங்கட்கிழமைக்குள் முன்பணம் கட்டிவிட வேண்டும், கட்டிவிட்டால் எதையும் மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார். அப்போதுதான் பாண்டி அந்தக் கேள்வியைக் கேட்டான்.

“ஏன் மச்சான், ஏலத்துல நீங்க சாம்பிள் பாக்காம சரக்கு எடுப்பீகளா?”

நான் ஏலக்காய் வாங்கித் தரம் பிரித்து விற்கிற சின்ன வியாபாரி. எங்கள் ஏல மையத்தில் இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். பொத்தானை அமுக்கினால் போதும், வாய் திறக்க வேண்டாம். எனக்காகவே கண்டுபிடித்த மாதிரி ஒரு தொழில். ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு லாட் சரக்குக்கும் முதலில் சாம்பிள் வரும். உள்ளங்கையில் கொட்டி, பச்சை எப்படி, பருமன் எப்படி என்று பார்த்து, ஒன்றிரண்டை உடைத்து முகர்ந்துவிட்டு, மிச்சத்தைக் காலடியில் கொட்டிவிடுவோம். ஏலம் முடியும்போது ஏலக்காய் மேல்தான் நடந்து வெளியே வருவோம். சாம்பிள் பார்க்காமல் எடுத்தான் என்று ஒருவனைப் பற்றிச் சொன்னால், போடியில் அவன் வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள்.

“அதேன். இம்புட்டுப் பெரிய லாட்ட சாம்பிள் பாக்காம எடுக்கலாமா? ஒரு நா ஜீப்புல போவோம். டூர் ஆபீசுப் பிள்ள அனுப்புன டைம் படி எறங்குவோம், பாப்போம், ஏறுவோம். ஒத்து வருதான்னு தெரிஞ்சுரும்.”

அண்ணனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஊரில் மற்றவர்கள் ஐரோப்பாவுக்குப் போனால் போட்டோ எடுத்துக்கொண்டு வருவார்கள். போகிறதற்கு முன்னால் ஐரோப்பாவை உள்ளங்கையில் கொட்டிப் பார்க்க எங்களால்தான் முடியும்.

ஞாயிறு காலை கிளம்பினோம். பாண்டிதான் டிரைவர். பாண்டிதான் கைடு. கம்பு, சிவப்புத் துண்டு எல்லாம் அவன் ஏற்பாடு. அங்கே குளிரும் என்று வாங்கி வைத்திருந்த புது ஜெர்க்கினையும் மாட்டிக்கொண்டு வந்தான். போடி வெயிலில் வேர்த்து ஊற்றியது.

முதல் நிறுத்தம், பழமையான நகரம். அதற்கு எங்கே போவது? ஊருக்குள்ளேயே ஜமீன் அரண்மனை இருக்கிறதே! வெளியிலிருந்து மட்டும் — திட்டத்தில் உள்ளபடி. பாண்டி கொடியை உயர்த்தினான்.

“இதுதேன் ஆஸ்திரியா! பத்து நிமிசம்! எல்லாரும் பாத்துக்கங்க!”

சந்தைக்கு வரும்போதெல்லாம் அண்ணன் அந்த வழியாகத்தான் போகிறார். அன்றைக்குத்தான் நின்று நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“செவுத்துல அரசங்கன்னு மொளச்சிருக்கு. பிடுங்காம விட்டா செவுரு பொளந்துரும்.”

அவ்வளவுதான் வரலாறு. அதற்குள் தெரிந்தவர் ஒருவர் சைக்கிளில் வந்தார். இருவரும் மக்காச்சோளத்துக்கு வந்திருக்கிற புழுவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். பாண்டி விசில் அடித்தும் பலனில்லை. துண்டால் அண்ணன் முதுகில் தட்டித்தான் ஜீப்பில் ஏற்றினான்.

மலை ரோட்டில் வளைவுகள் ஆரம்பித்தன. ஐந்தாறு திரும்புவதற்குள் மதினி வாயைப் பொத்திக்கொண்டார். வண்டியை நிறுத்தி, எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்து, முதுகைத் தடவி... ஈஸ்வரிதான் எல்லாம் செய்தாள். மதினி முகத்தைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தார்.

“எப்பா பாண்டி, அந்தப் படகு ஊரு இப்பிடித்தேன் ஆட்டுமா?”

“தண்ணியில்ல? இன்னும் கூடவே ஆட்டும்.”

“அப்பன்னா அது வேணாம். தண்ணிக்குள்ள ஊரக் கட்டுனவனே இருந்துக்கிறட்டும்.”

இத்தாலி கழன்றது.

போடிமெட்டு வந்தது. பாண்டி கொடியை நட்டான். “சுவிட்சர்லாந்து! முக்கா மணி நேரம்!” என்று கத்தினான். எதிரே நின்றிருந்த கேரளா ஜீப் டிரைவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சத்தில் உடம்பே சுருங்கிவிட்டது.

அன்றைக்கு மேகம் விலகி நல்ல வெளிச்சம். கீழே பள்ளத்தாக்கு முழுக்க விரிந்து கிடந்தது. தென்னந்தோப்பு, கண்மாய், கோடு கிழித்தாற்போல ரோடு. அந்த விளிம்பில் போய் நின்று நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா?

எல்லாரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம்.

அண்ணன் ரோட்டுக்கு மேல்புறம் இருந்த ஏலத் தோட்டத்தைப் பார்த்துக் கொதித்துக்கொண்டிருந்தார். “யாரு தோட்டம்டா இது? எலையெல்லாம் மஞ்சப் பூத்துக் கெடக்கு. தண்ணி விடுறானா, இல்ல கேரளாக்காரன் மழ பெய்யும்னு படுத்துட்டானா?” மதினி டீக்கடை வடைச்சட்டியை எட்டிப் பார்த்து, எண்ணெய் மூன்று நாளாக மாற்றவில்லை என்று கண்டுபிடித்துவிட்டார். பாண்டி இன்னொரு ஜீப்புக்கு அடியில் படுத்து அதன் ஸ்பிரிங் பட்டையை ஆராய்ந்துகொண்டிருந்தான். நான்? டூரிஸ்டுகளுக்கு ஏலக்காய் பாக்கெட் விற்கிற கடையில் ஒரு காயை உடைத்து முகர்ந்துகொண்டிருந்தேன். போன வருஷத்துச் சரக்கு.

சென்னைப் பையன் ஒருவன் கேமராவோடு வந்தான். “அங்கிள், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வியூவை மறைக்கிறீங்க.”

மறைத்துக்கொண்டுதான் இருந்தோம்.

ஈஸ்வரி மட்டும் டீக்கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளத்தாக்கைப் பார்க்கப் போட்டாள். ஒரு டீ சொன்னாள். கடைக்காரர், “இப்ப வரும் சேச்சி” என்றார். உட்கார்ந்தாள்.

“ஈஸ்வரி, எலைய எடு தாயி, சோத்தப் போட்டுருவோம்.” மதினி.

எழுந்து வந்து எல்லாருக்கும் போட்டாள். போய் உட்கார்ந்தாள்.

“ஆத்தா, தண்ணி கொண்டா.” அண்ணன்.

எழுந்தாள். கொடுத்தாள். உட்கார்ந்தாள்.

“அக்கா, ஊறுகாய எங்கன வச்ச?” பாண்டி.

தேடி எடுத்துக் கொடுத்தாள். அவள் திரும்பி நாற்காலியை நோக்கி நடந்தபோது பாண்டி கையைக் கழுவிவிட்டுக் கொடியைப் பிடுங்கினான்.

“சுவிட்சர்லாந்து முடிஞ்சுருச்சு! வெரசா ஏறுங்க! பஸ்சு கெளம்பிரும்!”

“கெளம்பட்டும்” என்றாள் ஈஸ்வரி. உட்கார்ந்துகொண்டே.

“யக்கா, ஒத்திகைக்கா. டைம்முக்கு ஏறணும்.”

“எனக்கு இன்னும் டீ வரல. நீங்க போங்க.”

“அடுத்தது ஹங்கேரிக்கா!”

“பாத்துட்டு வந்து எப்பிடி இருந்துச்சுன்னு சொல்லு.”

அண்ணனுக்கு முகம் மாறியது. அவர் சொல்லி யாரும் எழாமல் இருந்ததில்லை. “ஆத்தா, இந்தா பாரு. இப்பிடி ஒக்காந்தேன்னா அங்க ஒன்னைய பனியிலயே விட்டுட்டுப் போயிருவானுக.”

“விட்டுட்டுப் போகட்டும் மாமா. நான் அதுக்குத்தேன் போறதே.”

ஈஸ்வரி அண்ணனைப் பார்க்கவில்லை. பள்ளத்தாக்கையும் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை, முன்பணம் கட்ட வேண்டிய நாள்.

பயணம் போகிறவர்களுக்கு விசா அதிகாரி முன்னால் நிற்கத்தான் பயமாக இருக்கும் என்பார்கள். எனக்கு அண்ணன்தான் விசா ஆபீஸ்.

“அண்ணே...”

“என்னடா?”

கையிலிருந்த ஏலக்காய்த் தோலை உருட்டிக்கொண்டே சொன்னேன்.

“நாங்க... ரெண்டு பேரு மட்டும் போயிட்டு வர்றோம்ணே.”

“ரெண்டு பேரு மட்டுமா?” அண்ணன் நம்ப முடியாமல் பார்த்தார். “எங்க யாரும் வேணாம், தனியாப் போறீக. ஏண்டா, ஓடிப் போறியாடா?”

“ஆமாண்ணே” என்றுவிட்டேன். பதட்டத்தில் வந்துவிட்டது.

மதினி சிரித்தார். வாந்தி எடுத்த வாயால் அப்படிச் சிரிக்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

“போகட்டும் விடுங்க. கட்டுனவளத்தான கூட்டிக்கிட்டு ஓடுறாரு?”

அண்ணன் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய் ஜீப்பில் முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். பாண்டி என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டான்.

“அப்ப என் ஜெர்க்கின் மச்சான்?”

“காலையில லோடு அடிக்கிறப்பப் போட்டுக்கடா” என்றார் மதினி. “மலையில குளிரத்தான செய்யுது?”

அவனுக்கு முகம் தொங்கிவிட்டது. ஜெர்க்கினைக் கழற்றி மடித்தான். “சரி விடுங்க மச்சான். அந்த வளைவு ரோட்ட மட்டும் வீடியோ எடுத்துட்டு வாங்க. மொத வளைவுல இருந்து, விடாம.”

டீ வந்தது. ஈஸ்வரி அதைக் குடித்து முடிக்கும்வரை நாங்கள் நான்கு பேரும் ஜீப்பில் உட்கார்ந்து காத்திருந்தோம். அவள் அவசரப்படவே இல்லை. ஊதி ஊதிக் குடித்தாள். ஐரோப்பிய பஸ்ஸில் இல்லாத வசதி எங்கள் ஊர் ஜீப்பில் ஒன்று உண்டு. ஆளை விட்டுவிட்டுப் போகாது.

கீழே இறங்கினோம். சாம்பிள் ஒத்து வரவில்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எனக்கு மட்டும் ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது நாளில் ஆறு நாடு பார்த்துவிட்டு வந்தவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். எப்படி இருந்தது என்று கேட்டால் ஆறு பெயரையும் ஒப்பிப்பார்கள். மேலே கேட்டால் சாப்பாடு சரியில்லை என்பார்கள். பாவம், அவர்களும் காய் எடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். என்ன, தோட்டத்து ஆட்கள் கூலி வாங்கிக்கொண்டு குனிகிறார்கள். அவர்கள் காசு கட்டிக் குனிகிறார்கள்.

அண்ணன் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. வருத்தமாகத்தான் இருக்கிறது. நேற்று மதினி போன் பண்ணினார். “பீரங்கி எதுவும் கண்ணுல பட்டா போட்டோ எடுத்துட்டு வரச் சொன்னாரு. நாஞ் சொன்னேன்னு சொல்லாதீக.” பின்னாலிருந்து அண்ணன் இருமுகிற சத்தம் கேட்டது.

அதிருக்கட்டும். திங்கட்கிழமை டூர் ஆபீஸ் பெண் கூப்பிட்டார்.

“சார், சிக்ஸ் கன்ட்ரீஸ் பேக்கேஜ் கன்ஃபர்ம் பண்ணிடலாமா?”

“ஆறு வேண்டாம்மா. ரெண்டு. சுவிட்சர்லாந்துல ஒரு மலை. அப்புறம் பிராக். ஆளும் ரெண்டு பேர்தான்.”

“ரெண்டே ரெண்டு நாடா? அவ்வளவு தூரம் போறீங்க சார்...” குரலில் உண்மையாகவே இரக்கம். “சரி, மலைக்கு எத்தனை நாள்?”

“பாதிக்குப் பாதி.”

“அவ்வளவு நாளா? அங்க என்ன சார் ஆக்டிவிட்டி போடட்டும்? பனிச்சறுக்கு?”

“வேண்டாம்மா.”

“கேபிள் கார்?”

“வேண்டாம். நாற்காலி.”

“ஓ, சேர் லிஃப்ட்!”

“இல்லம்மா. லிஃப்ட் இல்லாத சேர். சும்மா தரையில போடுறது. அதுல உட்கார்ந்து மலையைப் பார்க்கணும்.”

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. கம்ப்யூட்டரில் அப்படி ஓர் ஆக்டிவிட்டி இருக்கிறதா என்று தேடியிருப்பார் போல.

“சார்... சும்மா இருக்கிறதுன்னா அது குரூப்ல வராது. தனி டூர். ஆறு நாட்டு பேக்கேஜை விடக் கூடவே வரும்.”

பாருங்கள் நியாயத்தை. ஆறு நாட்டில் ஓடுகிறதைவிட, ஒரு நாட்டில் சும்மா உட்கார்வது விலை அதிகம்! பொத்தானை ஒரு தடவை அமுக்குவதற்குள் பத்துத் தடவை யோசிக்கிற வியாபாரி நான். வாய் வரைக்கும் பேரம் வந்தது. பிளாஸ்டிக் நாற்காலியும், அதிலிருந்து எழுந்து எழுந்து போன ஈஸ்வரியும் கண்ணுக்குள் வந்தார்கள்.

“சரிம்மா. போட்டுருங்க” என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள்.

“சும்மா ஒக்கார்றதுக்கா இம்புட்டு?”

போச்சு, இவளே வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறாள் என்று பயந்துவிட்டேன். தோட்டக்காரி. ஒரு காய் சிந்தினாலும் திரும்பிப் போய் எடுப்பாள். மடித்த சேலையையே இன்னொரு தடவை பிரித்து மடித்தாள்.

“சரி, கட்டுங்க. ஆனா இப்பவே அந்தப் பிள்ளகிட்டச் சொல்லி வைங்க, நாக்காலிய மலையப் பாத்தாப்புல போடணும்னு. பொம்பளைன்னதும் அடுப்படியப் பாத்துப் போட்டுறப் போறாக.”